பாலிக் புலாவ் பழத்தோட்டத்து வீடு: மேற்கு நோக்கிய அஞ்சடியை மீண்டும் உட்காரத்தக்க இடமாக்குவது எப்படி?

கேள்வி: சாதிக்காய்த்தோப்பு

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்குத் தீவின் மேற்கே, பாலிக் புலாவ் மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா விட்டுச்சென்ற பழத்தோட்டம் ஒன்று இருக்கிறது. டுரியானும் சாதிக்காயும் சில ரம்புத்தான் மரங்களும் நிற்கும் அந்த நிலத்தின் நடுவில், இடுப்பளவுக்குச் செங்கல் சுவரும் அதற்குமேல் பலகையுமாகக் கட்டிய பழைய வீடு. அதன் முன்புறம் 20 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட அஞ்சடி, அதாவது கூரையிட்ட திறந்த முன்தாழ்வாரம். தரை, சிவப்புச் சாயம் கலந்து இழைத்த சிமெண்டு. கூரை, சிங்க் தகடு. அதைத் தாங்குபவை நான்கு மரத்தூண்கள்.

இப்போது அங்கே பழக்கூடைகளும் உர மூட்டைகளும் ஓடாத ஒரு மோட்டார் சைக்கிளும்தான் குடியிருக்கின்றன. அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர் காலையில் அங்கே அமர்ந்து பசியாறவும், மாலையில் வந்து போவோருடன் பேசிக்கொண்டிருக்கவும் ஆசைப்படுகிறார். ஜூன், ஜூலை மாதங்களில் டுரியான் விழத் தொடங்கினால் உறவினர்களும் தெரிந்தவர்களும் வந்து குவிவார்கள். அவர்களை உட்கார வைக்கவும் இடம் வேண்டும்.

சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சாயம் உரிந்து வெள்ளைத்தூளாகக் கொட்டுகிறது. ஒரு தூணின் அடிப்பாகம் கறுத்திருக்கிறது. பிற்பகலில் வெயில் நேராக உள்ளே விழுவதால் ஐந்து மணிக்குக்கூட அங்கே நிற்க முடியவில்லை. அமெரிக்கப் பண்ணை வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, வெள்ளைக் கைப்பிடி வேலியும் தொங்கும் ஊஞ்சலும் வெளிர்நீல உட்கூரையும் வைக்கலாமா என்று நான் எண்ணுகிறேன். என் தம்பியோ பழைய தரையை முழுவதும் மூடி, பளபளப்பான டைல்ஸ் பதிக்கச் சொல்கிறான். கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போதாது. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மரவேலை_புக்கிட்மெர்தாஜாம்

சகோதரிக்கு வணக்கம். நான் பழைய பலகை வீடுகளைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன். நாற்காலி, ஊஞ்சல், சாயம் ஆகிய மூன்றையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் வெள்ளியை (ரிங்கிட்டை) மழைநீரைச் சரிசெய்யச் செலவழியுங்கள் என்பதே என் கருத்து. நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் இரண்டு, அதாவது உரியும் சுவரும் கறுத்த தூணும், ஒரே காரணத்தால் வந்தவையாக இருக்க வேண்டும். சிங்க் கூரையிலிருந்து வழியும் மழைநீர் வெறுந்தரையில் விழுந்து, மண்ணோடு சேர்ந்து திரும்பத் தெறித்து, சுவரையும் தூணையும் ஆண்டு முழுவதும் நனைத்துக்கொண்டே இருக்கிறது. நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று, நீர் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பாருங்கள். அந்தக் கோட்டை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கும் ஓர் அடி ஆழத்துக்கும் தோண்டி, அடியில் துளையிட்ட குழாயை வைத்துச் சரளைக்கல் நிரப்பி, குழாயின் மறுமுனையைத் தோட்டத்து வாய்க்காலில் விட்டுவிட்டால் தெறிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். மரங்கள் சூழ்ந்த வீட்டுக்குக் கூரைப் பீலியைவிட இதுவே மேல் என்று நான் கருதுகிறேன்; டுரியான் இலையும் பூவும் பீலியை அடைத்துக்கொண்டே இருக்கும், ஏறித் துப்புரவு செய்ய ஆள் கிடைக்காது.

அடுத்தது தூண். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தூணின் அடியிலிருந்து மேல்நோக்கி, விரற்கடை விட்டு விரற்கடை குத்திக்கொண்டே வாருங்கள். நல்ல மரத்தில் முனை வழுக்கும். உளுத்த மரத்தில் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். இறங்குவது எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு ஓரடி உயரத்துக்குள் இருந்தால் தூணை மாற்றத் தேவையில்லை. கூரையை இரும்பு முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அந்த உயரத்துக்குக் கருங்கல் பாதமோ கான்கிரீட் பாதமோ வைத்து, இடையில் துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியைப் பொருத்தினால் போதும். மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தைத் தொடாமல் இருப்பதுதான் முக்கியம். கம்பத்து மலாய் வீடுகளில் தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தியதும் இதே அறிவினால்தான்.

புதுமரம் வாங்க நேர்ந்தால் செங்கால் அல்லது பாலாவ் கேளுங்கள். செங்கால் ஒரு கனமீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. கறையானும் பூஞ்சையும் அதை எளிதில் அண்டுவதில்லை. மெராந்தி மலிவு, உள்ளறைக்கு நல்லது, ஆனால் மழை தொடும் தூணுக்கு ஆகாது. கெம்பாஸ் உறுதியானதுதான், ஆனால் மருந்தேற்றாமல் வெளியில் வைத்தால் கறையான் தேடி வரும். பழைய கட்டடங்களைப் பிரித்த செங்கால் தூண்களைப் பலகைக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். அவை நன்றாகக் காய்ந்தவை, புதிதைப்போல் முறுக்காது.

சுவரைப் பற்றி ஒன்று அவசியம் சொல்ல வேண்டும். பழைய செங்கல் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சே இருந்திருக்கும். உரிந்த இடத்தில் ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெளிர்நிறத்தில் எளிதாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கடினமாக எதிர்த்தால் சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் நிலத்தின் ஈரத்தை இழுத்தாலும் அதை வெளிக்காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து சாயத்தின் பின்னால் படிகமாக்கி, அதையே தள்ளி உரிக்கும். நீங்கள் பார்க்கும் வெள்ளைத்தூள் அந்த உப்புதான். ஆகவே மேலே இன்னொரு கோட்டிங் சாயம் பூசுவதால் பயன் இல்லை. இருப்பதைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து, வடிகால் வேலை முடிந்த பிறகு சில வாரங்கள் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையால் ஒட்டுப்போட்டுச் சுண்ணாம்பே அடியுங்கள். நிறம் வேண்டுமானால் சுண்ணாம்பிலேயே கலக்கலாம். ஜார்ஜ்டவுன் லெய்த் தெருவில் சியோங் ஃபாட் ஸி மாளிகையின் புகழ்பெற்ற நீலம், சுண்ணாம்பில் அவுரிநீலம் கலந்து வந்ததே.

பதில்: நிழல்_தேடி

மேலே எழுதியவர் தண்ணீரைச் சொல்லிவிட்டார். நான் வெயிலைச் சொல்கிறேன், ஏனெனில் மேற்கு நோக்கிய அஞ்சடியில் யாரும் உட்காராமல் போவதற்கு அதுவே முதற்காரணம்.

பாலிக் புலாவுக்குக் கிழக்கே மலை, மேற்கே கடல்வரை சமவெளி. அதனால் காலை வெயில் உங்கள் வீட்டுக்குத் தாமதமாக வரும், மாலை வெயிலோ தடையே இல்லாமல் வரும். 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்ததிலிருந்து, பினாங்கில் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் மறைவது ஏழு மணிக்குப் பிறகுதான். ஆகவே நம் கடிகாரத்தில் ஐந்து மணி என்பது இன்னும் நல்ல வெயில் நேரம். அந்தச் சாய்ந்த வெயிலைக் கூரையை நீட்டித் தடுக்க முடியாது. எவ்வளவு நீட்டினாலும் கீழே நுழைந்து வரும். செங்குத்தாக ஒரு மறைப்பு வேண்டும்.

மலிவான, நல்ல மறைப்பு மூங்கில் தட்டித் திரை. அதைத் தூண்களுக்கு உட்புறம் மாட்டாமல் கூரையின் வெளிவிளிம்பில் மாட்டுங்கள். வெயில் திரையில் பட்டுச் சூடாகும்போது அந்தச் சூடு வெளியிலேயே கலைந்துவிடும். தரைவரை இறக்காமல் கீழே மூன்றடி திறந்துவிட்டால் காற்றும் வரும், வாசலில் யார் வருகிறார்கள் என்று அம்மா உட்கார்ந்தபடியே பார்க்கவும் முடியும். வாசலை முற்றிலும் மூடிய அஞ்சடி விருந்தினரை வரவேற்காது, அறையாகவே ஆகிவிடும்.

இரண்டாவது மறைப்பு செடிகள். அஞ்சடியிலிருந்து பத்தடி தள்ளிச் செம்பருத்தியை வரிசையாக நட்டு ஆளுயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கொடி வேண்டுமானால் தனிக் கம்பிச் சட்டத்தில் இரங்கூன் மல்லியை ஏற்றலாம். அந்திநேரத்தில் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, அடர்சிவப்பாக முதிரும் பூ அது. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும், மணமும் மாலையில்தான். உங்கள் அம்மா உட்காரும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கொடியை நான் அறியேன். ஆனால் அதை மரத்தூணிலோ சுவரிலோ படரவிடாதீர்கள். இலைமறைவில் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. செடித்தொட்டிகளையும் சுவரிலிருந்து ஓரடி தள்ளியே வையுங்கள்.

சிங்க் கூரையின் வெப்பம் தலைமேல் இறங்குவதைத் தடுக்க, தகட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே அலுமினியத் தாள் விரித்து, அதற்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். நீங்கள் விரும்பும் வெளிர்நீலத்தை அந்தப் பலகைக்குத் தாராளமாகப் பூசலாம். அமெரிக்காவின் தென்கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் வாழும் கல்லா (Gullah) எனப்படும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள், தீய ஆவிகள் அண்டாதிருக்க முகப்பு உட்கூரைக்கு அந்த நிறத்தைப் பூசிவந்தார்கள்; அந்த வழக்கம் பின்னர் மற்ற வீடுகளுக்கும் பரவியது. நம் வெயிலிலும் அது கண்ணுக்கு இதமாக இருக்கும். வெள்ளை வேலியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஈரப்பதத்தில் கிடைமட்டமான வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றின் மேலும் பாசி படிந்து பச்சையாகும். துடைக்கும் வேலை யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராப் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் புயல்காற்று மழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ காலையிலோ மேற்குக் கரையில் அடிக்கும். இரவு படுக்கப் போகுமுன் திரையைச் சுருட்டிக் கட்டிவிடுவது வழக்கமாக வேண்டும்.

பதில்: பட்டர்வொர்த்_அக்கா

தங்கைக்கு அன்பான வணக்கம். வயதான மாமியாரையும் என் தாயாரையும் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில், உட்காரும் வசதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அழகுக்காகத் தாழ்வான சாய்வு நாற்காலி வாங்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இருக்கை தரையிலிருந்து 18 அங்குல உயரமும், கையூன்றி எழ உறுதியான இரண்டு கைப்பிடிகளும் இருக்க வேண்டும். மெத்தையின் மேல் உட்கார்ந்தால் அமுங்கும் அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். ஊஞ்சலுக்கும் இதையே சொல்வேன்: குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, அம்மாவுக்கு அது நிலையாக நிற்காது. வைத்தே தீருவதென்றால், பழைய கூரைக் கட்டையில் தொங்கவிடாமல் தானே நிற்கும் சட்டமுள்ளதாக வாங்குங்கள்.

20 அடி நீளம் என்பது இரண்டு இடங்களுக்குப் போதுமானது. வாசற்கதவின் ஒரு பக்கம் அம்மாவுக்கும் அவரோடு பேசுவோருக்கும்: மூன்று நாற்காலி, ஒரு சிறு மேசை. நாற்காலிகள் ஒன்றையொன்று சற்றே நோக்கியபடி, ஆறடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் காது மந்தமானவர்கள் பேச்சிலிருந்து விலகிவிடுவார்கள். மறுபக்கம் சுவரை ஒட்டி நீளமான பலகை பெஞ்சு. டுரியான் நாளில் பத்துப் பேர் வந்தாலும் பெஞ்சு தாங்கும், மற்ற நாளில் அதன் அடியில் பழக்கூடைகளை அடுக்கலாம். நடுவில் கதவுக்கு நேரே மூன்றரை அடி வழியை எதுவும் வைக்காமல் விடுங்கள். உள்ளே சாமிமேடையில் விளக்கேற்றினால் வாசலிலிருந்து தெரிய வேண்டும், வெள்ளிக்கிழமை கோலம் போடவும் இடம் வேண்டும், நாளை அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் அந்த வழி உதவும்.

படியருகே ஒரு குழாயும் கால் கழுவ ஒரு கல்லும் வைக்க மறவாதீர்கள். தோட்டத்திலிருந்து மண்காலோடு வருபவருக்கும் டுரியான் சாப்பிட்ட கைக்கும் அதுவே முதல் உபசாரம். படியில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வேண்டும்.

இயற்கைப் பிரம்பு நாற்காலிகள் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிரம்பு வேண்டும் என்றால் செயற்கைப் பிரம்பு வாங்கலாம், ஆனால் உட்சட்டம் அலுமினியமா இரும்பா என்று கேட்டு வாங்குங்கள். இரும்பென்றால் நெசவுக்கு உள்ளேயே துருப்பிடிக்கும். மெத்தை உறைகளுக்கு ஜிப் இருந்தால் கழற்றித் துவைக்கலாம்.

பதில்: மின்பணியாளர்_தீவு

மின்சாரமும் கொசுவும் பற்றிச் சுருக்கமாக.

மின்விசிறி அவசியம் வையுங்கள். கொசு வலுவாகப் பறக்கக்கூடியது அல்ல. காலளவில் காற்று ஓடினாலே பெரும்பாலும் அண்டாது. பழைய அஞ்சடிகளில் கூரை தாழ்வாக இருக்கும். இறக்கைக்குக் கீழே எட்டடி கிடைக்காவிட்டால் சுவர் விசிறியே பாதுகாப்பானது. வெளியில் பொருத்தும் விளக்கும் சுவிட்சும் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐ.பி. 44 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியரில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பழைய வீடுகளில் 100 மில்லி ஆம்பியர் ஒன்று மட்டுமே இருக்கக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரைக் காக்க அது போதாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனை மட்டும் அழையுங்கள். விளக்கு மஞ்சள் ஒளியாக, 2700 கெல்வின் அளவில் இருந்தால் பூச்சி குறைவாகவே கூடும்.

தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு நில்லாமல் தட்டின் ஓரத்தைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டிவைக்கும்; காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் பிழைத்திருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். டுரியான் தோட்டத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து குவித்துப்போட்ட தோல்கள். ஒவ்வொரு தோலின் குழியிலும் மழைநீர் தேங்கும். அன்றன்றே குழியில் இட்டு மண்மூடுங்கள். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி சொந்த வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தாலும் அபராதம் உண்டு.

சாதிக்காய்த்தோப்பு

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். கறுத்த தூணில் எட்டு அங்குலம் வரை இறங்குகிறது, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. சுவரில் வெளிர்நிறமாக உதிர்கிறது. ஊஞ்சலை விட்டுவிட்டேன், அக்கா சொன்ன பெஞ்சு அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தரை மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. அங்கங்கே கீறலும் இரண்டு இடத்தில் பெயர்ப்பும் இருக்கின்றன. தம்பி டைல்ஸ் என்பதில் உறுதியாக நிற்கிறான்.

பதில்: மரவேலை_புக்கிட்மெர்தாஜாம்

எட்டு அங்குலம் என்றால் பாதம் வைத்தாலே போதும், கவலை வேண்டாம்.

தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மழைச்சாரல் படும் இடத்தில் பளபளப்பான டைல்ஸ் பதிப்பது எழுபது வயதுக்காரர் நடக்கும் வழியில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். டைல்ஸ்தான் வேண்டும் என்றால் ஆர் 11 என்று தரக்குறியீடு போட்ட சொரசொரப்பானது அல்லது மெருகில்லாத செம்மண் ஓடு. ஆனால் எதைப் பதித்தாலும் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயரும்; கதவின் அடி இடிக்கும், படியின் கடைசி உயரம் மற்ற படிகளோடு ஒவ்வாமல் தடுக்கிவிடும். இந்த இரண்டையும் சரிசெய்யும் செலவு யாரும் முதலில் சொல்லாத செலவு.

சிவப்புச் சிமெண்டுத் தரையைக் காப்பாற்றுவது கடினமல்ல. முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கதவடியில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வெளிநோக்கி மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சரிவாவது இருக்க வேண்டும். கீறலை உளியால் சற்றே அகலமாக்கித் தூசி நீக்கி நனைத்து, சிமெண்டும் சலித்த மணலும் செங்காவிப் பொடியும் கலந்த கலவையால் அடையுங்கள். கலவை காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால், இரண்டு மூன்று அளவுகளில் சிறு வில்லைகள் செய்து காயவைத்து, பழைய தரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பூசுங்கள். பூசிய இடத்தை ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் நனைத்து வையுங்கள். அதன்பின் மெழுகிட்டு, பாதியாக அறுத்த தேங்காய் மட்டையால் தேய்த்தால் பழைய மினுமினுப்பு திரும்பும். ஆனால் வெளிவிளிம்பில் இரண்டடி அகலத்துக்கு மெழுகிட வேண்டாம். சாரல் படும் பகுதி அது, வழுக்கும்.

வேலைக்குக் காலமும் முக்கியம். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் அதிக மழை மாதங்கள். ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. சரளைக்கல் வாய்க்காலையும் தூண் பாதத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். தரையில் ஒட்டுப்போடுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் ஜனவரிக்கு இருக்கட்டும். திரை, பெஞ்சு, விசிறி ஆகியவற்றைப் பிப்ரவரிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் ஜூனில் முதல் டுரியான் விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூரையை நீட்டும் எண்ணம் வந்தால் மட்டும், வேலை தொடங்குமுன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.